கொலாஜன் பவுடர் முட்டிக்குப் போய்ச் சேருமா?

கடலூர் முதுநகரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவருடைய அம்மாவுக்கு 62 வயது. துறைமுகம் பக்கம் உட்கார்ந்து மீன் விற்றவர். இப்போது முட்டிவலி, தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க இரண்டு பேர் கைகொடுக்க வேண்டியிருக்கிறது. பல வருடங்களாகச் சுகரும் இருக்கிறது, தினமும் இரண்டு வேளை இன்சுலின் ஊசி. தெரிந்த பெண் ஒருவர், 'முட்டியில் தேய்ந்துபோனது கொலாஜன் என்கிற புரதம்தான், அதையே பவுடராகக் குடித்தால் திரும்ப வளர்ந்துவிடும்' என்று சொல்லி 1,800 ரூபாய் டின் ஒன்றை வீட்டில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். வாங்கலாமா என்பது வாசகியின் கேள்வி. பிளஸ் டூ படிக்கும் மகள் குறுக்கே புகுந்து, 'இன்சுலினும் புரதம்தானே? பவுடரைக் குடித்தால் வேலை செய்யும் என்றால் ஆயாவுக்கு இன்சுலினையும் குடிக்கக் கொடுக்கலாமே, ஏன் குத்துகிறோம்?' என்று கேட்டிருக்கிறாள். வீட்டுக்காரர் தினமும் பச்சை முட்டை குடிப்பவர். வேகவைத்தால் சத்து போய்விடும் என்பது அவர் கட்சி. மீனைப் பொரித்தாலும் புரதம் கெட்டுவிடுமா என்று கடைசியாக ஒரு வரி.

அன்புள்ள சகோதரிக்கு,

அந்த டின்னைத் திறக்காமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். காரணத்தை விவரமாகச் சொல்கிறேன். ஆனால் உங்கள் மகளிடமிருந்துதான் தொடங்க வேண்டும். புதுச்சேரியில் மருத்துவ மாணவர்களுக்கு உயிர்வேதியியல் நடத்துகிறவன் நான். அவள் கேட்ட அந்தக் கேள்வியை வகுப்பில் யாராவது கேட்டால் அன்றைக்குப் பாடமே சிறப்பாக நடக்கும். அதற்குப் பதில் தெரிந்துவிட்டால் பவுடர், முட்டை, மீன் எல்லாவற்றுக்கும் பதில் கூடவே வந்துவிடும்.

நம் உடம்பின் புரதங்கள் ஏறக்குறைய எல்லாமே, அமினோ அமிலங்கள் என்ற 20 வகைச் சின்ன மூலக்கூறுகளைச் சங்கிலியாகக் கோத்துச் செய்தவை. நகத்தில் இருக்கும் கெரட்டின், ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின், சோற்றை மெல்லும்போதே செரிக்கத் தொடங்கும் எச்சில் நொதி, கிருமியைப் பிடிக்கும் எதிர்ப்பொருள், தசையைச் சுருக்கும் மயோசின், இன்சுலின் என்று எதை எடுத்தாலும் அந்த 20தான். எது எதற்குப் பின்னால் வருகிறது, மொத்தம் எத்தனை என்பதில்தான் வித்தியாசம். அந்த வரிசை மரபணுவில் எழுதியிருக்கிறது. வரிசையாகக் கோத்த சங்கிலி அப்படியே நீளமாகக் கிடக்காது. சில இடங்களில் சுருளும், சில இடங்களில் அடுத்தடுத்துப் படியும். தண்ணீரோடு ஒட்டாத பகுதிகள் உள்ளே ஒதுங்கும், ஒட்டும் பகுதிகள் வெளியே வரும். இப்படி மொத்தச் சங்கிலியும் ஒரு குறிப்பிட்ட உருவத்துக்கு மடிந்துகொள்ளும். ஹீமோகுளோபின் மாதிரியான புரதங்களில் மடிந்த நான்கு சங்கிலிகள் சேர்ந்து ஒரே ஆளாக வேலை செய்யும். முதல்நிலை, இரண்டாம் நிலை, மூன்றாம் நிலை, நான்காம் நிலை அமைப்பு என்று அவள் பாடத்தில் படிப்பது இதைத்தான். பரீட்சைக்காக நான்கு தலைப்பாகப் படிக்கும்போது, எதற்காக இத்தனை மடிப்பு என்பது விட்டுப்போகிறது. கடைசியில் கிடைக்கும் உருவத்தை வைத்துத்தான் புரதம் வேலை செய்கிறது. உருவம் போனால் வேலையும் போச்சு.

எவ்வளவு சின்ன மாற்றம் போதும் தெரியுமா? ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் 146 அமினோ அமிலங்கள். அதில் ஆறாவது இடத்தில் இருக்க வேண்டியது குளுட்டாமிக் அமிலம். அந்த ஓர் இடத்தில் மட்டும் வாலின் என்ற வேறோர் அமினோ அமிலம் வந்துவிட்டால், ஆக்சிஜனை இறக்கிவிட்ட ஹீமோகுளோபின்கள் ஒன்றோடொன்று ஒட்டி நீள நீளமான இழைகளாகிவிடும். அவை உள்ளிருந்து தள்ளத் தள்ளச் சிவப்பணு வளைந்து, நுண்ணிய ரத்தக்குழாய்களில் மாட்டிக்கொள்ளும். நீலகிரியின் பழங்குடிக் குடும்பங்கள் தலைமுறைகளாகத் தாங்கிவரும் அரிவாள் செல் ரத்தசோகை இதுதான். 146இல் ஒன்று மாறியதற்கு இவ்வளவு வேதனை.

சரி, இன்சுலினுக்கு வருகிறேன். சின்னப் புரதம் அது, மொத்தம் 51 அமினோ அமிலங்கள். 21 உள்ள சங்கிலி ஒன்று, 30 உள்ளது இன்னொன்று. கந்தக அணுக்களால் ஆன இரண்டு பிணைப்புகள் அந்த இரண்டையும் சேர்த்துப் பிடித்திருக்கின்றன. மூன்றாவது பிணைப்பு சின்னச் சங்கிலிக்குள்ளேயே இருக்கிறது. அமினோ அமில வரிசை முழுவதும் கண்டுபிடிக்கப்பட்ட முதல் புரதமும் இன்சுலின்தான். கேம்பிரிட்ஜில் பிரெடரிக் சாங்கர் 1955இல் அதை முடித்தார், 1958இல் அதற்காக நோபல் பரிசு பெற்றார். ஆனால் வரிசை தெரிந்தால் உருவம் தெரிந்துவிடாது. அதன் முப்பரிமாண உருவத்தைத் தேடி 1930களில் வேலையைத் தொடங்கிய டோரதி ஹாட்ஜ்கின் 1969இல்தான் முடிவைச் சொல்ல முடிந்தது. உங்கள் மகளுக்கு இவருடைய வாழ்க்கையைத் தேடிப் படிக்கச் சொல்லுங்கள். மூட்டுவாதத்தால் கைவிரல்கள் கோணிப்போன நிலையிலும் ஆராய்ச்சியை விடாதவர் அவர்.

அந்த உருவம் செல்லின் மேல் இருக்கும் இன்சுலின் ஏற்பியில் போய்ப் பொருந்த வேண்டும். பொருந்தினால்தான் தசைச் செல்லுக்குள் இருக்கும் குளுக்கோஸ் கடத்திகள் மேற்பரப்புக்கு வந்து ரத்தத்தில் உள்ள சர்க்கரையை உள்ளே எடுத்துக்கொள்ளும். ஏற்பியும் புரதம், கடத்தியும் புரதம். மூன்றுக்கும் உருவம் சரியாக இருக்க வேண்டும்.

இன்சுலினை வாயில் ஊற்றினால் என்ன ஆகும்? இரைப்பையில் கடுமையான அமிலம் இருக்கிறது, அதில் பெப்சின் என்ற நொதி இருக்கிறது. அதைத் தாண்டினால் சிறுகுடலில் டிரிப்சின், கைமோடிரிப்சின் என்று கணையத்திலிருந்து வருபவை காத்திருக்கும். இவற்றின் ஒரே தொழில் புரதச் சங்கிலியை வெட்டுவது. குடல் சுவரைத் தாண்டி ரத்தத்துக்குப் போவது பெரும்பாலும் தனித்தனி அமினோ அமிலங்களும், இரண்டு மூன்று சேர்ந்த துண்டுகளும்தான். முழு இன்சுலின் தப்பித்து வந்தாலும் அந்தச் சுவரைத் தாண்டும் அளவுக்குச் சிறியதல்ல. ஆக, வயிற்றைப் பொறுத்தவரை இன்சுலினும் ஒன்று, வஞ்சிரமும் ஒன்று. இரண்டும் சாப்பாடு.

துறைமுகத்தில் பழைய மரப்படகைப் பிரிப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பிரித்த பலகை கதவாகலாம், பெஞ்சாகலாம், அடுப்புக்கும் போகலாம். படகிலிருந்து வந்த பலகை என்பதற்காக அது தானாகப் போய் இன்னொரு படகில் உட்காராது. சாப்பிட்ட புரதமும் அப்படித்தான். அமினோ அமிலங்களாகப் பிரிந்த பிறகு அவற்றை எங்கே போடுவது என்று முடிவு செய்வது உடம்பு.

'சுகருக்கு இப்போது இதே மாதிரி மாத்திரை வந்திருக்கிறதாமே' என்று யாராவது சொல்லலாம். செமாகுளூட்டைடு என்ற மருந்தைச் சொல்கிறார்கள். அது இன்சுலின் அல்ல. 31 அமினோ அமிலங்கள் கொண்ட வேறொரு சின்னச் சங்கிலி, பெப்டைடு என்போம். 2019இல் அமெரிக்காவில் அதன் மாத்திரைக்கு அனுமதி கிடைத்தது. இரைப்பையில் அதைக் காப்பாற்றி உள்ளே நுழைய உதவும் ஒரு பொருளைச் சேர்த்துத்தான் அதைச் செய்கிறார்கள். அப்படியும் விழுங்கியதில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்குதான் ரத்தத்துக்குப் போகிறது. அம்மாவின் ஊசிக்கு அது மாற்று என்று நினைத்து நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள்.

இங்கே நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும், உங்கள் வீட்டில் இதுதான் அவசரம். இன்சுலினின் உருவத்தைக் கெடுக்க வயிறுதான் வேண்டும் என்றில்லை. வெயில் போதும், உறையவைக்கும் குளிர் போதும், பலமாகக் குலுக்கினாலும் போதும். உருவம் குலைந்த இன்சுலின்கள் ஒன்றோடொன்று ஒட்டி நூல் நூலாகிவிடும். மருந்து குப்பியில் இருக்கும், ஊசியும் போட்டிருப்பீர்கள், சுகர் மட்டும் இறங்காது. அம்மா என்னத்தையோ தின்றுவிட்டார் என்று வீட்டில் சண்டை நடக்கும்.

திறக்காத குப்பியை பிரிட்ஜில் 2 முதல் 8 டிகிரிக்குள் வையுங்கள், ஃப்ரீசரிலோ அதை ஒட்டியோ வேண்டாம். ஒருமுறை உறைந்ததை இளக்கினாலும் பயன்படுத்தக் கூடாது. பயன்பாட்டில் இருக்கும் குப்பி 30 டிகிரிக்குள் இருக்கும் இடத்தில் பொதுவாக நான்கு வாரம் தாங்கும். அட்டைப்பெட்டியில் போட்டிருப்பதையே கணக்கில் எடுங்கள். ஆனால் அக்னி நட்சத்திரத்தில் கடலூரில் எந்த வீட்டு அலமாரி 30 டிகிரிக்குள் இருக்கும்? மண்பானைதான் நல்ல வழி. பெரிய பானைக்குள் சின்னப் பானையை வைத்து, நடுவில் மணல் போட்டு, மணலை ஈரமாகவே வைத்திருங்கள். மருந்தை ஈரம் படாத டப்பாவில் போட்டுச் சின்னப் பானைக்குள் வைத்து மூடிவிடுங்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்த பிறகு நம் பக்கத்தில் எத்தனை நாள் கரண்ட் இல்லாமல் கிடந்தோம் என்று உங்களுக்கு நினைவிருக்கும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புதுச்சேரி பக்கம் கரையேறியபோதும் வீடுகளுக்குள் தண்ணீர். ஐப்பசி பிறக்கும்போதே அந்தப் பானையைத் தயாராக வைத்துவிடுங்கள். பால் மாதிரி கலங்கலாக இருக்கும் வகை இன்சுலின் என்றால் குலுக்காமல் உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து மெதுவாக உருட்டுங்கள். உருட்டிய பிறகும் கட்டியோ திரியோ தெரிந்தால் தூக்கிப் போடுங்கள். தெளிவாக இருக்க வேண்டிய வகை கலங்கியிருந்தாலும் அப்படியே.

இப்போது கொலாஜன். தோல், எலும்பு, தசைநாண், குருத்தெலும்பு எல்லாவற்றையும் தாங்கிப் பிடிக்கும் புரதம் இது. நம் உடம்புப் புரதத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இதுவே. இதன் உருவத்தைக் கண்டுபிடித்த கதை நம் ஊர்க் கதை என்பதைப் பெருமையோடு சொல்கிறேன். சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறையில் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும், கங்காரு வாலின் தசைநாணை எக்ஸ்ரே கதிரில் ஆராய்ந்து, மூன்று சங்கிலிகள் ஒன்றையொன்று சுற்றிய அமைப்பு என்று 1954இல் அறிவித்தார்கள். அடுத்த ஆண்டு அதை இன்னும் திருத்தமாக வெளியிட்டார்கள். மூன்று சங்கிலிகளும் நெருக்கமாகச் சுற்ற வேண்டுமென்றால் நடுவில் இடமே இல்லை. அதனால் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் அமினோ அமிலங்களிலேயே மிகச் சிறியதான கிளைசின் வந்தாக வேண்டும். புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் மடிய முடியும், எவற்றில் முடியாது என்று 1963இல் அவரும் சக ஆய்வாளர்களும் போட்ட வரைபடத்தை ராமச்சந்திரன் வரைபடம் என்றே உலகம் முழுக்கச் சொல்கிறார்கள். இன்றும் ஒரு புரதத்தின் உருவத்தைப் புதிதாகக் கண்டுபிடிப்பவர்கள் அதை வைத்துத்தான் தங்கள் வேலையைச் சரிபார்க்கிறார்கள்.

அந்த மூன்று சுற்றுதான் கொலாஜனுக்கு வலு. ஆட்டுக்கால் சூப்பை இரவு வைத்திருந்தால் காலையில் கெட்டியாக உறைந்து கிடக்குமே, அது கொதித்துச் சுற்றுப் பிரிந்துபோன கொலாஜன். ஜெலட்டின் என்போம். அதை நொதி போட்டு இன்னும் சின்னத் துண்டாக வெட்டினால் டின்னில் வருகிற பவுடர். மீன் செதிலிலிருந்தும் தோலிலிருந்தும் நிறைய எடுக்கிறார்கள். முட்டிக்கு வேண்டிய உருவம் தொழிற்சாலையிலேயே போய்விட்டது, மிச்சத்தை வயிறு பார்த்துக்கொள்ளும்.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். கொலாஜனின் சில இரட்டைத் துண்டுகள் முழுதாகவே ரத்தத்தில் வந்து சேர்வது உண்மை. பவுடர் குடித்தவர்களுக்கு முட்டிவலி கொஞ்சம் குறைந்ததாகச் சில சிறிய ஆய்வுகளும் சொல்கின்றன. அவற்றில் பலவற்றுக்குப் பணம் கொடுத்தது பவுடர் தயாரிப்பவர்கள். தேய்ந்த குருத்தெலும்பு திரும்ப வளர்ந்தது என்பதற்கு அவை சான்றல்ல. குருத்தெலும்புக்குள் ரத்தக்குழாயே கிடையாது, அதனால்தான் அது இவ்வளவு மெதுவாகப் பழுது பார்த்துக்கொள்கிறது. போதாததற்கு, சாப்பாட்டுப் புரதமாக வைத்துப் பார்த்தாலும் கொலாஜன் மட்டம்தான். உடம்பால் தானாகச் செய்துகொள்ள முடியாத டிரிப்டோபான் என்ற அமினோ அமிலம் அதில் இல்லை. ஒரு கோழிமுட்டையில் அது இருக்கிறது. மீன் விற்ற காசில் குடும்பத்தைக் காப்பாற்றிய ஒரு பெண்ணிடம், முட்டி திரும்ப வளரும் என்று சொல்லி 1,800 ரூபாய் கேட்பது எனக்குப் பொறுக்கவில்லை. அந்தப் பணத்துக்கு வீட்டில் எல்லோருக்கும் எத்தனை நாள் மத்தியும் கானாங்கெளுத்தியும் வரும் என்று விலை எனக்கு முன்னால் உங்களுக்குத் தெரியும்.

கொலாஜனுக்கு உண்மையிலேயே தேவைப்படுவது வைட்டமின் சி. சங்கிலியில் புரோலின் என்ற அமினோ அமிலத்தில் ஒரு சின்ன வேதிமாற்றம் நடந்தால்தான் மூன்று சுற்றும் பிரியாமல் நிற்கும்; அந்த மாற்றத்தைச் செய்யும் நொதிக்கு வைட்டமின் சி வேண்டும். அந்தக் காலக் கப்பல் மாலுமிகளுக்கு ஈறில் ரத்தம் வடிந்து பழைய காயம்கூடத் திறந்துகொண்டது இது இல்லாமல்தான். நெல்லிக்காயும் கொய்யாவும் போதும். நெல்லிக்காய் தின்றால் முட்டிவலி போய்விடும் என்று நான் சொன்னதாக யாரும் சொல்லிவிட வேண்டாம். சாப்பாட்டில் வைட்டமின் சி குறையாமல் இருந்தால் சரி.

முட்டை, மீன் கேள்விக்கு இனி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சூட்டில் புரதத்தின் மடிப்புப் பிரிகிறது, அமினோ அமிலங்கள் அங்கேயே இருக்கின்றன. மடிப்புப் பிரிந்த சங்கிலியை நொதிகள் சுலபமாக வெட்டும். அதனால் வெந்த முட்டையின் புரதத்தில் ஏறக்குறைய 90 சதவீதம் செரிக்கிறது, பச்சை முட்டையில் பாதிதான். பச்சை வெள்ளைக்கருவில் அவிடின் என்ற புரதம் பயோட்டின் என்கிற வைட்டமினைப் பிடித்துக்கொள்ளும். வேகவைத்தால் அதன் பிடி விட்டுப்போகும். சால்மொனெல்லா கிருமி பயமும் உண்டு. வீட்டுக்காரரிடம் இதைக் காட்டி அவித்துக் கொடுங்கள். மீனைக் குழம்பு வைத்தாலும் பொரித்தாலும் புரதம் எங்கும் போகாது. கருகும்வரை பொரித்தால் லைசின் என்ற அமினோ அமிலம் கொஞ்சம் வீணாகும், எண்ணெயும் கூடும். அம்மாவுக்குக் குழம்பு மீனே நல்லது. கருவாட்டில் புரதம் ஏராளம்தான், உப்பும் ஏராளம். பிரஷர் இருந்தால் அளவோடு.

அம்மாவுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு புரதம்? எடைக்கு ஒரு கிலோவுக்கு 0.83 கிராம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் சொன்னது. 60 கிலோ என்றால் 50 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், 100 கிராம் மீனில் 18 முதல் 20 வரை, ஒரு கிண்ணம் சாம்பார்ப் பருப்பிலும் ஒரு கிண்ணம் தயிரிலும் ஆளுக்கு ஆறேழு கிராம், மீதிக்கு இட்லியும் சோறும் இருக்கின்றன. அரிசியில் குறைவாக இருக்கும் லைசினைப் பருப்பு ஈடு செய்யும். டின் எதுவும் தேவைப்படாது.

முட்டிவலிக்குச் செய்ய வேண்டியது வேறு. அரசு மருத்துவமனை எலும்புப் பிரிவில் காட்டி, தொடைத் தசைக்கான பயிற்சிகளைக் கேட்டு வாங்குங்கள். நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டிச் சில விநாடி நிறுத்தி இறக்குவதுபோல எளிய பயிற்சிகள்தான். வாரக்கணக்கில் விடாமல் செய்தால் வலி குறையும். எடை கூடுதலாக இருந்தால் சில கிலோ இறங்கினாலே முட்டிக்குப் பெரிய விடுதலை. தரையில் உட்காருவதை விட்டு உயரமான முக்காலிக்கு மாறச் சொல்லுங்கள். அப்புறம் மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்கும் வலி மாத்திரைகள். பவுடரைவிட எனக்கு அதுதான் பயம், ஏனென்றால் சுகர்காரர்களின் சிறுநீரகத்தை அவை சத்தமில்லாமல் கெடுக்கும்.

சிறுநீரகம் என்றதும் இரண்டு பரிசோதனைகளைச் சொல்கிறேன், இரண்டும் புரதத்தைப் பார்ப்பவைதான். ஒன்று, எச்பிஏ1சி. ரத்தத்தில் சுகர் அதிகமானால் குளுக்கோஸ் தானாகவே போய் ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொள்ளும். சிவப்பணு சுமார் 120 நாள் வாழ்வதால், எத்தனை சதவீதம் ஒட்டியிருக்கிறது என்று பார்த்தால் கடந்த மூன்று மாதக் கணக்கு தெரிந்துவிடும். சுகர் இப்படிக் கொலாஜனிலும் ஒட்டும், மூட்டும் தசைநாணும் விறைக்க அதுவும் ஒரு காரணம். சுகரைக் கட்டுக்குள் வைப்பது அம்மாவின் உடம்பில் இருக்கும் கொலாஜனுக்கும் நீங்கள் செய்யும் உதவி.

இன்னொன்று சிறுநீரில் அல்புமின். கல்லீரல் செய்து ரத்தத்துக்கு அனுப்பும் புரதம் அது. ரத்தத்தின் நீர் திசுக்களுக்குள் கசிந்துவிடாமல் பிடித்து வைப்பது அதன் வேலைகளில் முக்கியமானது. நல்ல சிறுநீரகம் அதை வெளியே விடாது. சிறுநீரில் வழக்கமாக வரும் கிரியாட்டினின் என்ற கழிவோடு அதை ஒப்பிடும் அல்புமின்–கிரியாட்டினின் விகிதம் என்று கேட்டுச் சோதியுங்கள். ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு 30 மில்லிகிராமுக்குள் இருந்தால் மேலே சொன்ன சாப்பாட்டைத் தயங்காமல் கொடுக்கலாம். அதற்கு மேல் இருந்தால், அந்த ரிப்போர்ட்டையும் இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும், அம்மா சொல்லாமல் வாங்கிப் போட்டுக்கொள்ளும் வலி மாத்திரையையும் சேர்த்து எடுத்துக்கொண்டு டாக்டரைப் பாருங்கள். எவ்வளவு புரதம் கொடுக்கலாம் என்பதை அவர் சொல்லட்டும்.